பத்தாவது பிள்ளை

வட்டாரக் கல்வி அலுவலகம் என்று வெளியே பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே வந்தால் இரண்டு மேசை, மூன்று அலமாரி, ஒரு நகல் இயந்திரம், எங்கள் அதிகாரி, நான். அவ்வளவுதான். தனிக் கட்டடம்கூடக் கிடையாது. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பறையை நடுவில் பலகை அடித்துப் பிரித்து, பாதியை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு. அவர்கள் வாய்ப்பாடு சொல்கிற நேரத்தில் நான் கடிதம் தட்டச்சு செய்தால் தேதியில் தப்பு விழும்.

வட்டாரத்தில் மொத்தமே மூன்று பள்ளிகள், நூற்று எழுபது பிள்ளைகள். பதினோரு வருடமாக நான்தான் எழுத்தர். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் நகல் எடுத்து மூன்று பள்ளிக்கும் அனுப்புவேன். தலைப்பைப் பார்ப்பேன், கடைசித் தேதியைப் பார்ப்பேன். நடுவில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அதிகாரி அப்படி இல்லை. ஒரு வரி விடமாட்டார். எதைக் கேட்டாலும் எண், தேதி சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். மின்விசிறி ஓடவில்லை என்றால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வைத்திருப்பார். ஊரே அவரைச் சுற்றறிக்கை என்றுதான் சொல்லும். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட இது மேல். என் மகள் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. பக்கத்து நகரத்தில், டையும் ஷூவும் போட்டு அனுப்ப வேண்டிய பள்ளியில் படித்தாள். காலை ஏழு மணிக்கு வேன் வரும். அவளை ஏற்றிவிட்டு அலுவலகத்துக்கு வந்து, 'உங்கள் பிள்ளைகளை நம் பள்ளியில் சேருங்கள்' என்று நோட்டீஸ் அடிப்பேன்.

"நீ வேலை பாக்குற ஹோட்டல்ல நீயே சாப்பிட மாட்டேங்குற" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் பம்ப் மெக்கானிக்.

"அடுப்படியில நிக்குறவளுக்குத்தான் உள்ள என்ன வேகுதுன்னு தெரியும்" என்பேன். மதிப்பெண் பட்டியல் எல்லாம் என் கை வழியாகத்தானே போகிறது.

மகளை வீட்டில் மைனா என்று கூப்பிடுவோம். ஒருமுறை காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாள். மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். அவளைப் பற்றி எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நகரத்துப் பள்ளிக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். வீட்டில் தனியாக விட முடியாது, மைனாவை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தேன். அவள் நான்காம் வகுப்புக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து வாசிப்பு டீச்சர் வந்தார்.

வாசிப்பு டீச்சர் மூன்று வருடத்துக்கு முன் வந்தவர். தடுமாறிப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று மேலிடம் தனியாக ஒரு நிதி ஒதுக்கி, நான்காம் வகுப்புக்கு மட்டும் ஒரு பதவி கொடுத்திருந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்வதுதான் அவர் வேலை. புத்தகம்தான் என்றில்லை. மாத்திரை அட்டை, சோப்பு உறை, பஸ் டிக்கெட், கையில் எது கிடைத்தாலும் சத்தமாக வாசி என்பார். என் மேசையிலிருந்த பசை பாட்டிலை ஒரு பிள்ளை 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று வாசித்துவிட்டு, பாட்டிலை அலமாரி மேல் ஏற்றிவைத்துவிட்டுப் போனது.

அன்றைக்கு நகல் எடுக்கக் கொண்டுவந்த கதைப் புத்தகத்தை டீச்சர் மைனாவிடம் நீட்டினார். "சும்மா ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு, கேப்போம்."

மைனா விரலை வரியில் வைத்து ஓட்டினாள். கணீரென்று வாசித்தாள். எங்கேயும் தடங்கல் இல்லை, பக்கம் முடிகிற இடத்தில் சரியாகத் திருப்பவும் செய்தாள். நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன், பாராட்டு வரும் என்று. டீச்சர் சிரிக்கவில்லை. மெதுவாகக் குனிந்து, நடுவில் ஒரு சொல்லின் மேல் தன் விரலை வைத்தார்.

"இது என்ன சொல்லு?"

மைனா என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"அவ படிச்சாளே டீச்சர், நல்லாத்தானே படிச்சா" என்றேன்.

"அவ சொன்னது அவ பாடப் புத்தகத்துல இருக்குற ஒட்டகக் கதை மேடம். இது எலிக் கதை" என்றார் டீச்சர். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. டீச்சர் மேல்தான். அவர் போன பிறகு அலுவலகத்திலிருந்த காகிதங்களை எல்லாம் மைனா முன்னால் வைத்துப் பார்த்தேன். தேர்வு என்றால் கேள்வியின் முதல் எழுத்தை வைத்து எந்தப் பதில் என்று கண்டுபிடித்துவிடுவாள், பதிலை மனப்பாடமாக எழுதுவாள். எழுதியதை வாசி என்றால் வராது. ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து வாசிக்க வைத்தேன். மூன்று சொல் வந்தது. நான்கு வருடம் காலை ஏழு மணிக்கு வேனில் ஏற்றியது அந்த மூன்று சொல்லுக்காகத்தான்.

டீச்சரிடம் போய்ச் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுக்கக் கேட்டேன். நிதியில் வந்த டீச்சர் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். விதி அப்படி.

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒன்பது பிள்ளைகள். ஒரு வகுப்பில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த வகுப்பின் மதிப்பெண்ணை வெளியிட மாட்டார்கள். ஊர் சின்னது, எந்தப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம் என்பதால். வருடாந்திர அறிக்கையில் எங்கள் நான்காம் வகுப்புக்கு நேரே மூன்று வருடமாக ஒரு கோடுதான். மதிப்பெண்ணே தெரியாத இடத்துக்கு எத்தனை நாளைக்கு நிதி வரும், இந்தப் பதவியை ஒரு நாள் பிடுங்கத்தான் போகிறார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மைனா வந்தால் பத்து. கோடு போய் எண் வரும். என் பிள்ளைக்கும் வாசிப்பு வரும், டீச்சர் பதவியும் நிலைக்கும். நகரத்துப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கி, தலை எடுப்பு அன்றைக்கு முதல் நாள் அவளைச் சேர்த்தேன். தலை எடுப்பு என்றால் வருடத்தில் ஒரு நாள் எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகளை எண்ணி மேலே அனுப்புவது. அந்த நாளில் இருப்பவர்கள்தான் வருடம் முழுக்கக் கணக்கு.

ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். கிளார்க்கம்மா தன் பிள்ளையையே கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்று. நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

தலை எடுப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது அதிகாரி பேனாவை மூடிவைத்தார்.

"நாலாம் வகுப்பு பத்தா?"

"ஆமா சார். என் பொண்ணு."

"சுற்றறிக்கை நூத்தி நாற்பத்திரண்டு படிச்சீங்களா?"

"நகல் எடுத்தேன் சார்."

அவர் அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டாம் பக்கம், ஏழாவது பத்தி. பத்துக்குக் குறைவான வகுப்புகள் மதிப்பிடப்படமாட்டா. அவற்றுக்கு வழங்கப்பட்ட வாசிப்பு நிதி அப்படியே தொடரும். பத்தும் அதற்கு மேலும் உள்ள வகுப்புகளில் ஆண்டுத் தேர்வில் பத்தில் ஆறு பேராவது நிமிடத்துக்கு நாற்பது சொல் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் பதவி வேறு வட்டாரத்துக்கு மாற்றப்படும்.

"இத்தனை நாள் நம்மள யாரும் பாக்கல. பாக்காத வரைக்கும் டீச்சர் இருந்தாங்க. இப்ப நீங்க விளக்கைப் போட்டுட்டீங்க" என்றார் அதிகாரி.

"பேரை எடுத்துடலாமா சார்?"

"தலை எடுப்பு முடிஞ்சுது. எண்ணிக்கை நேத்தே மேல போயாச்சு. இது நம்ம கோப்புக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அந்தக் காகிதத்தை மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒன்பது நகல் எடுத்தவள் நான். இயந்திரத்தில் தாள் சிக்கி, அந்த ஏழாவது பத்தியைக் கையால் இழுத்தும் இருப்பேன்.

டீச்சரிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை, அதுதான் காரணம். அவர் பாட்டுக்கு மைனாவைத் தினமும் அரை மணி உட்கார வைத்தார். முதல் மாதம் மைனா வீட்டுக்கு வந்து அழுதாள். அவளைவிடச் சின்னப் பெண்கள் எல்லாம் சரளமாக வாசிக்கிறார்கள், இவள் எழுத்துக் கூட்டுகிறாள். டை இல்லை என்று இன்னொரு அழுகை. இரண்டாம் மாதம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சொல்லாக, மேடு ஏறுகிறவள் மாதிரி நின்று நின்று. தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நான்காம் மாதத்தில் பதினாறு சொல். ஏழாம் மாதத்தில் இருபத்தொன்பது. ஒரு நாள் அப்பாவின் பம்ப் உதிரிப் பெட்டியை எடுத்து வைத்து, 'ஈரம் படாமல் பாதுகாக்கவும்' என்று வாசித்தாள். அவர் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. இன்னும் வைத்திருக்கிறார்.

ஆனால் இருபத்தொன்பது நாற்பது ஆகாது. மற்ற ஒன்பது பேரில் ஆறு பேர் எப்படியும் தாண்டுவார்கள் என்று டீச்சரின் பதிவேடு சொன்னது. பத்தில் ஆறு. ஒருத்தர் தடுக்கினாலும் போச்சு.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"விலக்குக் கடிதம்னு ஒண்ணு இருக்கு. பிள்ளைக்கு வாசிக்க இயலாத நிலைன்னு பெற்றோர் எழுதிக் குடுத்தா, தேர்வுல இருந்து விலக்கலாம். விலக்கினா எண்ணிக்கையில வராது. ஒன்பது ஆயிடும். ஒன்பது ஆனா மதிப்பீடு இல்ல."

"அப்ப டீச்சர்?"

"தொடருவாங்க. நான் எதுவும் சொல்லலை. ஜன்னல் துடைக்கணும்னு நினைச்சேன்."

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் நட்டு ஒன்றை எண்ணெயில் போட்டுவிட்டு யோசித்தார். "எழுதிக் குடுத்துடு. ஒரு காகிதம், ஒருத்தங்க வேலை மிஞ்சுது. இவளும் அடுத்த வருஷம் எழுதிக்கட்டும். இதுல ரோசம் பாக்க என்ன இருக்கு?"

ரோசம் இல்லை. மைனா தினமும் காலண்டரில் நாளைக் கிழிக்கும்போது "தேர்வுக்கு இன்னும் அஞ்சு நாள்", "நாலு நாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்யாமல் அவள் போகப் போகிற முதல் தேர்வு அது. ஆனாலும் எழுதினேன். அலுவலக மொழி எனக்குக் கைவந்த கலை. பிழையே இல்லாமல் நான்கு வரியில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

தேர்வாளர் வேறு வட்டாரத்திலிருந்து வந்தவர், சாந்தமான மனிதர். தலைமையாசிரியர் அறையில் கடிகாரத்தையும் வாசிப்புத் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே பத்துப் பிள்ளைகளும் வரிசையில். டீச்சர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் முன்னால் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குக் கால் வரவில்லை. மைனாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இதை உள்ள இருக்குற சார்கிட்ட குடுத்துட்டு வந்துடு. நம்ம வீட்டுக்குப் போகலாம்."

நான்கு வருடமாக அவள் கையில் எத்தனையோ கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். லீவுக் கடிதம், காய்ச்சல் கடிதம், வேன்காரருக்கு ஒரு புகார். மடித்துக் கொடுத்தால் மடித்தபடி போய்ச் சேரும். உறையில் போட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை.

அவள் வாசல் வரை போனாள். காகிதத்தைப் பிரித்தாள். எது கையில் வந்தாலும் வாசிக்கச் சொல்லித்தானே எட்டு மாதம் பழக்கியிருக்கிறார்கள். வாசற்படியில் நின்று விரலை வைத்து, எல்லோர் காதிலும் விழ வாசித்தாள்.

"என்... மகளுக்கு... வாசிக்க... இய... லாத... நிலை... உள்ள... தால்... அவளைத்... தேர்வி... லிருந்து... விலக்கி... வைக்கு... மாறு..."

வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒன்று, "கரெக்ட்டா படிச்சுட்டா டீச்சர்" என்றது.

மைனா திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, இயலாதன்னா முடியாதுன்னுதானே அர்த்தம்?"

  அடித்திருந்தால்கூட அப்படி ஒரு பார்வை பார்த்திருக்க மாட்டாள்.

தேர்வாளர் எழுந்து வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இதை வாசிச்சது நீதானா?"

"ஆமா சார்."

அவர் என்னிடம் திரும்பினார். "வாசிக்க இயலாதுன்னு எழுதியிருக்கீங்க. அதையே வாசிச்சுக் காட்டிட்டு நிக்குது பிள்ளை. இதை நான் எப்படிம்மா வாங்கிக்கிறது?"

காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். டீச்சர் மைனாவின் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து, வரிசையில் பத்தாவதாக நிறுத்தினார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. என் கணினிக்குத்தான் வந்தது. மைனா முப்பத்து நான்கு. நாற்பதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர். ஆறாவதாகத் தாண்ட வேண்டிய பெண்ணுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, இருமிவிட்டு முப்பத்தெட்டில் நின்றுவிட்டாள். இரண்டு சொல். மறுநாளே அதிகாரிக்கு உத்தரவு வந்தது. வருடக் கடைசியோடு பதவி வேறு வட்டாரத்துக்கு. அவர் எண்ணையும் தேதியையும் வாசிக்காமல் தாளை என்னிடம் நீட்டினார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

அதை எடுத்துக்கொண்டு நானே பலகைக்கு அந்தப் பக்கம் போனேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். டீச்சர் வாசிப்புப் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உத்தரவை ஒருமுறை வாசித்து மேசையில் வைத்தார்.

"மைனாவுக்கு நீளமான சொல்லுலதான் இன்னும் தடங்கல். தினமும் பத்து நிமிஷம் நீங்களே உக்காருங்க. திருத்தாதீங்க, அவளே நின்னு யோசிச்சு சொல்லட்டும்" என்றார்.

"டீச்சர், இது என்னால வந்தது. ஒன்பதா இருந்திருந்தா உங்க பதவியை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. நான் அந்தச் சுற்றறிக்கையைப் படிக்காம இவளைக் கொண்டுவந்து சேர்த்துட்டேன். அப்புறம் தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லலை." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"எனக்குத் தெரியும் மேடம்."

"எப்பலேர்ந்து?"

"வேலைக்கு எடுத்தப்ப குடுத்த உத்தரவுலயே இருக்கு. பத்து ஆனா மதிப்பீடு வரும்னு. நீங்க இவ கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா பதிவேட்டுல பேரை எழுதினீங்க?"

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது.

"என்ன கேக்குறீங்க? வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசல்ல வந்து நிக்குது. வேணாம்னு யாராவது சொல்லுவாங்களா?"

நான் சொல்லியிருந்தேன். நான்கு வரியில், பிழையில்லாமல், தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு.